சூட்டிங் அய்யாத்துரை

பூ வைக்கச் சொன்ன இடத்தில் ஒரு பெண் கையைப் பின்னுக்கு இழுத்தால் அய்யாத்துரையின் கண்ணுக்கு அது தப்பாது. ராயகிரியில் ஒரு மண்டபத்தில் சினிமாவுக்காகக் கல்யாணக் காட்சி. நூற்றியிருபது பெண்களை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு முழம் பூவும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். நாலாவது வரிசையில் ஒருத்தி பூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும்தான். "ஏம்மா, பூவை வை, நேரமாகுது" என்று உதவி இயக்குநர் ஒருவர் சத்தம் போட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எங்கிருந்தோ அய்யாத்துரை வந்தார். "ஏ முத்துமாரி, ஒன்ன யாரு இங்கன உக்காரச் சொன்னா? நீ சமையல்கட்டு ஆளுல்லா? எந்திரி, எந்திரி. அங்கன கரண்டி பிடிக்க ஆளில்லாம நிக்காவ" என்று கோபமாகத் திட்டிக்கொண்டே அவளை அழைத்துப் போனார். அண்டா கிண்டிக்கொண்டிருந்த நாலு ஆண்களோடு அவளையும் நிறுத்திக் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தார். சம்பளம் எல்லாருக்கும் உள்ளதுதான். அந்தத் திட்டு எதற்கு என்பது வீட்டுக்குப் போகும் வேனில்தான் முத்துமாரிக்கு விளங்கியது.

சங்கரன்கோவிலில் அய்யாத்துரை என்று மட்டும் கேட்டால் பத்துப் பேரைக் காட்டுவார்கள். சூட்டிங் அய்யாத்துரை என்று கேட்க வேண்டும். வயது ஐம்பத்தி நாலு. முதலில் வேன் ஓட்டினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படக் கம்பெனிக்காரர்கள் அந்த வேனை மூன்று நாளைக்குப் பேசினார்கள். வேன் திரும்பி வந்தது. அய்யாத்துரை அந்தப் பக்கமே நின்றுவிட்டார். இப்போது வாசுதேவநல்லூர், சிவகிரி, ராயகிரி என்று இந்தப் பக்கம் யார் படம் பிடிக்க வந்தாலும் வீடு, வயல், மாடு, குடை, இட்லி, போலீஸ் அனுமதி, கூட்டத்துக்கு ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் ஊக்கு, சீப்பு, பொட்டு அட்டை, ரப்பர் பேண்டு, தலைவலித் தைலம், வெயிலில் மயங்கி விழுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம்.

காலையில் நடை திறந்ததும் சங்கரநாராயணரைக் கும்பிட்டு, கோமதியம்மனிடம் போய்ச் சற்று அதிக நேரம் நின்று, புற்றுமண் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார். படம் தொடங்குகிற முதல் நாள் பூஜையில் கேமராவுக்கும் அந்த மண்ணைத்தான் தொட்டு வைப்பார். எந்தக் காட்சியிலும் அவர் நிழல்கூட விழாது. இரண்டு படங்களில் ஆள் குறைகிறது என்று தலையைக் காட்டினார். இரண்டும் வெளியே வரவில்லை. அதிலிருந்து கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் அதற்கு எதிர்ப் பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பார். தியேட்டரில் உட்கார்ந்தாலும் கதாநாயகனைப் பார்ப்பதில்லை. திரையின் மூலையைப் பார்ப்பார். "அந்தா குடம் வச்சிருக்கா பாரு, அவ நம்ம பஞ்சாயத்து ஆபீஸ்ல பெருக்குதவ" என்பார்.

எல்லாருக்கும் பழகிப்போன சொல் ஒன்று அவரிடம் உண்டு. "இருக்கபடியே இருங்க." ஒரு காட்சி எடுத்து முடித்ததும் அதில் நின்ற அத்தனை பேரையும் தன் போனில் படம் எடுத்துக்கொள்வார். சேலை, வளையல், மூக்குத்தி, தலை வகிடு எல்லாம் அதில் இருக்கும். மீதியை எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் ஆள் அதே மாதிரி வந்து நிற்க வேண்டும். இது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. சிவகிரியில் ஒரு வீட்டை, அதன் அழுக்குச் சுவருக்காகவே தேடிப் பிடித்துப் பாதிப் படம் எடுத்தார்கள். மறுபடி போனால் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்து, வாசலில் வாழை கட்டி நின்றுகொண்டிருந்தார். "நம்ம வீடு படத்துல வருதுல்லா, பளிச்சுன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். அவரைக் கோபிக்கவா முடியும்?

ஆனந்தகுமார் என்கிற இளைஞர் முதல்தடவை வந்தது ஒரு ஐப்பசி மாதம். மூன்று படங்களில் உதவியாளராக இருந்துவிட்டுச் சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று வந்திருந்தார். தெற்கு ரத வீதி லாட்ஜில் அறை எடுத்து, கதை கேட்க அய்யாத்துரையைக் கூப்பிட்டார். அய்யாத்துரை அதற்குள் முப்பது நாற்பது கதை கேட்டவர். எந்தக் கதை கேட்டாலும் முடிவில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதுல கூட்டம் எத்தன பேரு தம்பி?"

ஆனந்தகுமார் கதை சொல்லவில்லை. தான் பார்த்த ஒன்றை மட்டும் சொன்னார். வாசுதேவநல்லூருக்குப் போகிற வழியில் பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், பஸ் நின்ற சத்தம் கேட்டு முடியை அள்ளி முடியக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தாள். இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்த ஆள் அதில் இல்லை. பஸ் புறப்பட்டது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தால், அவள் அதே இடத்தில் நின்று மெதுவாகக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதாண்ணே. அவ யாருக்காக ஓடிவந்தா? அதான் படம்."

அய்யாத்துரை வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "அவ தம்பிக்கா இருக்கும்" என்றார்.

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"புருசனுக்குன்னா வாசல்லயே நிப்பா. தெருவுல முடிய விரிச்சுப் போட்டுட்டு ஓடி வர மாட்டா. கூடப் பொறந்தவனுக்குத்தான் அப்படி ஓடி வருவா."

அதிலிருந்து அக்காவும் தம்பியும் உள்ள கதை ஒன்று உண்டாயிற்று. ஒன்றரை மாதம் அதே அறையில் உட்கார்ந்து ஆனந்தகுமார் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டுவார். "எங்கூர்ல 'கிளம்புறேன்'னு சொல்ல மாட்டாவ தம்பி, 'போயிட்டு வாரேன்'னுதான் சொல்லுவாவ" என்று அய்யாத்துரை திருத்துவார். எழுதி முடித்துச் சென்னைக்குப் போய் முதல் போடுகிற ஆளைத் தேடியதில் இரண்டு வருஷம் போயிற்று. அவ்வப்போது போன் வரும். ஒவ்வொரு போனிலும் கதை கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

"தம்பிக்கு ஒரு சண்டை வச்சாச்சுண்ணே."

"சரி. அக்கா?"

"அக்கா இருக்காங்கண்ணே."

மூன்று மாதம் கழித்து, "தம்பிக்கு ஒரு பாட்டு கேக்குறாங்கண்ணே."

"அக்கா?"

"இருக்காங்க, இருக்காங்க."

கடைசியில் தம்பி கதாநாயகன் ஆனான். அக்காவுக்குப் பதினோரு காட்சி மிஞ்சியது. ஆனால் படம் முடிகிற இடத்தில் அவள் ஈரத்தலையோடு பஸ்ஸை நோக்கி ஓடிவருவதை மட்டும் ஆனந்தகுமார் யார் கேட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காவாக நடிக்கச் சென்னையில் நாலைந்து பேரைப் பார்த்தார்கள். ஆனந்தகுமாருக்கு மனசு ஒப்பவில்லை. சங்கரன்கோவிலுக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து அய்யாத்துரையின் போனில் இருந்த முகங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். கையில் கரண்டி, பின்னால் அண்டாப் புகை, முழங்கால் வரை ஒற்றைப் பின்னல். "இவங்க யாருண்ணே?" முத்துமாரிக்கு அப்போது வயது நாற்பத்தி மூன்று. வாசுதேவநல்லூர் பக்கத்தில் பூந்தோட்டங்களுக்குப் பறிக்கப் போகிறவள். புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் ப்ரியதர்ஷினியைக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

"எனக்கு என்ன நடிக்கத் தெரியும் அண்ணாச்சி?" என்று அவள் பயந்தாள்.

"நடிக்காண்டாம். இருக்கபடியே இரு."

மாசி, பங்குனியில் இருபத்திமூன்று நாள் எடுத்தார்கள். தம்பி ஊரைவிட்டுப் போன காட்சி முதலில். அவன் ஊரில் இருந்த காட்சி பத்து நாள் கழித்து. முத்துமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வராதவன் போயிட்டான்னு எப்படி அண்ணாச்சி அழ?" என்று கேட்டாள். அய்யாத்துரை சொன்னார்: "சட்டை தைக்கிற மாதிரிதான் தாயி. கையத் தனியா வெட்டுவான், காலரத் தனியா வெட்டுவான். எல்லாத்தையும் சேத்துத் தச்சாத்தான் சட்டை." அவள் ஏழு காட்சி நடித்தாள். மூன்றாவது நாளிலிருந்து கேமராவை மறந்துவிட்டாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மீதி நாலில் மூன்று பூந்தோட்டத்தில் நடப்பவை. நாலாவது, அந்தக் கடைசிக் காட்சி. அதற்குக் கேட்ட பழைய மாடல் பஸ் கிடைக்கவில்லை. அதற்குள் முதலாளிக்குச் சென்னையில் ஏதோ நெருக்கடி. பெட்டிகளைக் கட்டி ஏற்றினார்கள். "பத்தே நாள்ல வந்துருவோம்ணே, எல்லாரையும் அப்படியே வச்சிருங்க" என்றார் கம்பெனி மேனேஜர் ஆஷிக் அலி. அய்யாத்துரை முத்துமாரியைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பின்னலைப் படம் எடுத்துக்கொண்டார்.

சித்திரையில் ப்ரியதர்ஷினிக்கு எட்டு மாதம் முடியும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று முத்துமாரி இருக்கன்குடி மாரியம்மனிடம் சொல்லிவிட்டாள்: இதை உயிரோடு என் மடியில் போட்டால், ஆடி முடிவதற்குள் வந்து என் முடியைத் தருகிறேன். அவளிடம் கொடுப்பதற்கு வேறு என்ன இருந்தது? அம்மன் போட்டுவிட்டாள்.

பிள்ளை வீடு வந்த மறுநாளே அவள் அய்யாத்துரைக்குப் போன் செய்தாள். அந்த முடி இல்லாமல் கடைசிக் காட்சி இல்லை. "நல்லதும்மா, நல்லது. ஆனா ஒரு பத்து நாள் பொறுத்துக்கிடுதியா? சூட்டிங் இந்தா வந்துரும். முடிஞ்ச மறுநாளே நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார். வைகாசி போயிற்று. சென்னையிலிருந்து பதில் இல்லை. ஆனியில் அவள் மறுபடி கேட்டாள். மறுபடி பத்து நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. "அம்மா கோவிச்சுக்க மாட்டா அண்ணாச்சி. எனக்குத்தான் மனசு கெடந்து அடிக்கி" என்றாள். ஆடி பிறந்தது. இன்னும் பத்து நாள் என்றார். அன்றிலிருந்து கோமதியம்மன் சந்நிதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டே கும்பிட்டார்.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு முந்தைய நாள் அவள் நேரிலேயே வந்துவிட்டாள். கையில் பிள்ளை. வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். அய்யாத்துரை உள்ளே எதையோ தேடுவது மாதிரி நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி கோமதியம்மாள், "அந்தப் பிள்ளை வந்து எவ்வளவு நேரமாச்சு? அவள உள்ள வரச் சொல்லுதியளா, இல்ல நீங்க வெளிய போறியளா?" என்றாள். அவர் வெளியே போனார். பிள்ளை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. நெஞ்சு எலும்பு தெரிந்தது.

"நாளையோட ஆடி வெள்ளி முடிஞ்சிரும் அண்ணாச்சி" என்றாள்.

"போயிட்டு வா தாயி" என்றார்.

"சூட்டிங்?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீ போயிட்டு வா."

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பூ மார்க்கெட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஆஷிக் அலி போனில் வந்தார். குரலே மாறியிருந்தது. "அண்ணே, எல்லாம் சரியாயிருச்சு. பஸ் கூட கிடைச்சிருச்சு. புதன்கிழமை அங்க இருக்கோம். ஆர்ட்டிஸ்ட் எல்லாரும் இருக்காங்கல்ல?"

"எல்லாரும் இருக்காவ" என்றார் அய்யாத்துரை. போனை வைத்துவிட்டு முத்துமாரியைக் கூப்பிட்டார். நாலு தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுத்தாள். பின்னால் ஒரே கொட்டுச் சத்தம், குலவைச் சத்தம்.

"அண்ணாச்சி, முடி எறக்குத எடத்துல வரிசையில நிக்கேன். எனக்கு முன்னால ஆறே பேருதான். என்ன அண்ணாச்சி?"

மார்க்கெட்டில் பிச்சிப்பூவை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அய்யாத்துரை ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் அவள் வரிசையை விட்டு விலகிவிடுவாள். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் லாட்ஜிலும் முதலாளிகள் வாசலிலும் கிடந்த ஆனந்தகுமாரின் முகமும் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. பிள்ளைக்கு வெயில் படாம பாத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதைச் செய்ய முடிந்த மனிதர், அடுத்த ஐந்து நாளும் ஆனந்தகுமாருக்கு அவள் முடி இறக்கியதைச் சொல்லவில்லை. போனை எடுப்பார், வைப்பார். கோவிலுக்குப் போவார், வருவார். இந்த நல்ல மனிதரிடம் இதுவும் இருந்தது.

புதன்கிழமை பூந்தோட்டத்தில் லைட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது முத்துமாரி வந்தாள். மொட்டைத் தலையில் காலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு லைட்மேன், "ஏலே, அக்கா சாமியாராப் போயிட்டாங்களா? கதையை மாத்திட்டாங்களாடா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அவள் நேரே ஆனந்தகுமாரிடம் போய்ச் சின்னப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து நீட்டினாள். "துண்ணூறு எடுத்துக்கோங்க தம்பி. பிள்ளைக்கு நல்லா இருக்கு. அம்மாகிட்ட ஒங்க படத்துக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்."

ஆனந்தகுமார் அந்தத் தலையைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். திருநீறை எடுத்துப் பூசிக்கொண்டார். பிறகு வரப்பில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஷிக் அலிதான் கத்தினார். "எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னீங்களேண்ணே! இந்தம்மா யாரைக் கேட்டு மொட்டை போட்டாங்க?"

"எங்கிட்டதான் கேட்டா. நாந்தான் போடச் சொன்னேன்."

"புதன்கிழமை ஷூட்டிங்னு தெரிஞ்சுமா?"

"நீங்க சொல்லும்போது அவ வரிசையில நின்னா. கூப்பிட்டிருந்தா வந்திருப்பா. நான் கூப்பிடல."

முத்துமாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குப் போன் எதற்கு வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சேலைத் தலைப்பை எடுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

ஆனந்தகுமார் வரப்பிலிருந்தே கேட்டார்: "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லண்ணே?"

அய்யாத்துரை தலை குனிந்து நின்றார். "பண்ணியிருக்கணும் தம்பி. தப்புதான்."

மதுரையிலிருந்து ஒரு விக் வரவழைத்தார்கள். அதை வைத்ததும், "என்ன அண்ணாச்சி, தலையில காக்கா கூடு கட்டுன மாதிரி இருக்கு" என்று முத்துமாரியே சிரித்துவிட்டாள். கேமரா கிட்டே போனால் நெற்றி ஓரம் காட்டிக்கொடுத்தது. தூக்கி வைத்துவிட்டார்கள். பூப்பறிக்கிற பெண்கள் வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டுவது வழக்கம்தான். தோட்டத்துக் காட்சிகள் மூன்றையும் துண்டோடு எடுத்து முடித்தார்கள். கடைசிக் காட்சிக்குச் சிவகிரியில் தையல் கடையில் வேலை பார்க்கும் யோகலட்சுமி என்ற பெண்ணை அய்யாத்துரை கூட்டிவந்தார். நீளமான முடி. அவளுக்கு முத்துமாரியின் சேலையைக் கட்டி, தலையில் தண்ணீர் ஊற்றி, பின்னாலிருந்து எடுப்பது என்று முடிவாயிற்று. முகம் வராது.

யோகலட்சுமி முதல்தடவை குதிரை மாதிரி ஓடினாள். குடைக்கடியில் உட்கார்ந்திருந்த முத்துமாரிக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, அப்படி ஓடாத. ஒனக்கு இருபது வயசு, எனக்கு நாப்பத்திமூணு. எனக்கு முழங்கால் வலிக்கும்லா? பைய ஓடு. பஸ்ஸப் பாத்து ஓடாத, எறங்குத ஆளப் பாத்து ஓடு" என்றாள். ஆனந்தகுமார் தடுக்கவில்லை. இரண்டாம் தடவை சரியாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆனந்தகுமார் தட்டவில்லை. "எதுக்காக இந்தப் படத்தை ஆரம்பிச்சேனோ, அதுல அவங்க முகம் இல்லண்ணே" என்று அய்யாத்துரையிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அந்தச் சொல்லைவிட ஆஷிக் அலியின் கத்தல் எவ்வளவோ மேல் என்று அய்யாத்துரைக்குத் தோன்றியது.

குரல் பதிவுக்கு முத்துமாரியைச் சென்னைக்கு அழைத்துப் போனதுதான் அந்தப் படத்தில் அவர் செய்த கடைசி வேலை. இருட்டறையில் திரையில் வாய் அசைய அசைய இவள் பேச வேண்டும். முதல் நாள் முழுக்க முந்தினாள், பிந்தினாள். பழைய காட்சி ஒன்றில் தன் பின்னல் ஆடுவதைப் பார்த்துப் பேச்சையே நிறுத்திவிட்டாள். "அந்தா போகு பாருங்க, அம்மாவோட முடி" என்றாள். தன் முடி என்று சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பொறியாளர் சிரித்தார். அய்யாத்துரை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அப்புறம் படம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. யாரோ வெட்டினார்கள், யாரோ ஒட்டினார்கள், யாரோ இசை சேர்த்தார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் இரண்டேகால் ஆனது. சென்சாரில் ஒரு வார்த்தையை ஊமையாக்கினார்கள். தியேட்டர் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது. இப்படி ஒன்றேகால் வருஷம் போனது. அதற்குள் சிவகிரிப் பக்கம் மூன்று படப்பிடிப்புகள் வந்து போயின. ஆஷிக் அலி தென்காசியிலிருந்து வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். அய்யாத்துரைக்கு அது டீக்கடையில்தான் தெரியவரும். "அப்படியா, நல்லா எடுக்கட்டும்" என்பார். பையில் எலுமிச்சம்பழம் காய்ந்துபோகும். வேறு வாங்கிப் போடுவார்.

முத்துமாரியை அவர் கடைசியாகப் பார்த்தது, படம் சங்கரன்கோவில் தியேட்டருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. மேட்னி. நூறு பேர் இருந்திருப்பார்கள். பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். பெயர்கள் ஓடியபோது அவள் பெயர் வந்ததா என்று மட்டும் அய்யாத்துரை பார்த்தார்; வந்தது. அவள் அழுத இடத்தில் முன்வரிசையில் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். கடைசிக் காட்சி எட்டு நொடி இருக்கும். ஈரமுடி, முதுகு, ஓட்டம், பஸ். அவ்வளவுதான். விளக்குப் போட்டுவிட்டார்கள். "நல்லா ஓடியிருக்கா யோகலட்சுமி" என்றாள் முத்துமாரி. பின்னால் வந்த இரண்டு பெண்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "அந்த அக்கா நீங்கதானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு முடி கழுத்து வரைதான் வளர்ந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை அய்யாத்துரை கூடவே வந்தார். வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிள்ளை சுருட்டை முடியோடு கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். திடீரென்று நினைவு வந்தவள்போல் தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணாச்சி, தை பொறந்ததும் இவனுக்கு மொட்ட போட்டுக் காது குத்தலாம்னு இருக்கோம். அதுக்குள்ள சூட்டிங் எதுவும் வருமா? போட்டுரலாமா?"

தோளில் கிடந்த துண்டைச் சந்நிதி வாசலில் இறக்குவதுபோல் இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தார்.

"போட்டுரு தாயி. சாமி காரியத்துக்கு எங்கிட்டல்லாம் கேக்காத."